சிவப்புப் பொட்டும் நீலப் பொட்டும்

ஜூன் 3, செவ்வாய்

என் எழுத்து கோணலாக இருக்கும். சில எழுத்து பெருத்தும் சில சிறுத்தும், கோட்டுக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வயது எழுபத்தொன்று. எழுதப் படிக்கத் தெரிந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கோயமுத்தூர்த் தெருக்களில் குடிதண்ணீர் வால்வு திறந்து மூடுவதுதான் நான் பார்த்த வேலை. கை அந்தப் பிடியை விடமாட்டேன் என்கிறது. "பேனாவையும் வால்வு திருகுற மாதிரியே புடிக்கறீங்க" என்று என் மனைவி சிரிக்கிறாள்.

என் பெயர் மருதாசலம். இதை எழுதிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இன்னொரு தடவை எழுதலாம் போல ஆசையாக இருக்கிறது. மருதாசலம்.

பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தரும் மாலை வகுப்பில் கலாவதி டீச்சர், "வீட்ல தெனமும் ஏதாவது எழுதுங்க ஐயா, அன்னைக்கு என்ன நடந்துச்சோ அது போதும்" என்றார். இன்று நடந்தது இதுதான். என் மருமகள் வான்மதி, ராமாத்தாளுக்குக் காதுப் பெட்டி கொண்டு வந்திருக்கிறாள்.

ராமாத்தாள் என் மனைவி. அவள் ஐந்தாவது வரை படித்தவள். பஸ் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் இத்தனை காலம் எனக்கு அவள்தான் படித்துச் சொன்னாள். ஸ்பின்னிங் மில்லில் இருபது வருடம் நின்றதில் அவள் காது போய்விட்டது. அங்கே ஓடும் மெஷின் சத்தத்தில் பெண்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம். இப்போது நான் படிக்கக் கற்றுக்கொண்டேன், கேட்க அவளுக்குக் காது இல்லை. எங்கள் ராசி அப்படி.

கை வலிக்கிறது. மீதி நாளை.

ஜூன் 4, புதன்

காதுப் பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. இடுப்பில் செருகிக்கொள்ளலாம். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகிறது. ஓட்டி நிறுத்தவும் சத்தத்தைக் கூட்டவும் ஒரே பொத்தான், ஒரு சின்ன விளக்கு. பச்சையாக எரிந்தால் ஓடுகிறது. சிவந்தால் பேட்டரி தீரப்போகிறது.

இதை வான்மதிதான் உண்டாக்கியிருக்கிறாள். பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. எங்கள் மகன் கப்பலில் போய் வருடத்தில் பாதி கடலில் இருக்கிறான். அந்தப் பாதியில் இந்தப் பெண்தான் எங்களுக்கு மகனும் மகளும். மில்லில் வேலை பார்த்துக் காது மந்தமானவர்கள் சங்கம் ஒன்று ஐந்நூறு பெட்டி கேட்டிருக்கிறது. வான்மதி தானே முழுதாகச் செய்யும் முதல் வேலை.

சாப்பிட்ட பிறகு இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அடையாளத்துக்கு ராமாத்தாளின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒன்றில் சிவப்பும் ஒன்றில் நீலமும் ஒட்டியிருந்தாள்.

"ரெண்டுக்கும் என்ன அம்மிணி வித்தியாசம்?"

"உள்ள ஒரே ஒரு ஐசி, ஒரு சின்னச் சில்லு, அதுதான் வேறங்க மாமா. கடுகளவு இருக்கும்."

"கடுகளவுக்கா இத்தனை யோசனை?"

"அந்தக் கடுகுதானுங்க பேட்டரிக்கு வால்வு. பேட்டரி வேகமாத் தள்ளும். பெட்டிக்கு அவ்வளவு வேண்டாம். செவப்புப் பொட்டு என்ன பண்ணும்னா, வால்வைப் பாதி மூடி வெச்ச மாதிரி. அளவாத்தான் விடும். ஆனா மிச்சம் தள்றதெல்லாம் சூடாகி வீணாப் போயிரும்."

"நீலப் பொட்டு?"

"அது வால்வை முழுசாத் தொறந்து முழுசா மூடும். ஒரு நொடியில லட்சக்கணக்கான தடவை. வீணே கெடையாது. தேவை கொறஞ்சா தொறக்கறதும் கொறைஞ்சிரும்."

லட்சக்கணக்கான தடவை! நான் ஒரு நாளைக்கு நாற்பது தெரு வால்வு திறந்தாலே தோள் இறங்கிவிடும்.

எந்தக் கடுகு என்று முடிவு செய்து ஜூன் 20 வெள்ளிக்கிழமை மொத்தமாக ஆர்டர் போட வேண்டுமாம். போட்டுவிட்டால் மாற்ற முடியாது. "பாதி நாள்ல பேட்டரி போச்சுன்னா ஐந்நூறு பேரும் சாயங்காலத்துல ஊமைப் படம் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க மாமா. அதானுங்க பயம்" என்றாள்.

ராமாத்தாள் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். விளக்கு எப்போது சிவக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

முதலில் சிவப்புப் பொட்டு. காலையில் பெட்டியைப் போட்டதும் ராமாத்தாள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். குக்கர், குழாய், மேல்வீட்டுக்காரர் செருமல் எல்லாவற்றுக்கும் திரும்பினாள். பிறகு என்னிடம், "நீங்க நடக்கையில செருப்பு இப்படியா தேயுது? ஒரு ஜோடி மாத்துங்க" என்றாள்.

பத்து மணிக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். இப்போது தென்மேற்குக் காற்று பலமாக வீசுகிறது. பேப்பர் பறக்கிறதென்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, டிவியையும் நிறுத்திவிட்டுத்தான் நான் படிக்க உட்காருவேன். அது எனக்குக் கச்சேரி மாதிரி.

பேப்பரை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக ஏறி இறங்கினேன். "வாழைத்தார். ஏலத்தில். நேற்று. முன்னாள். கவுன்சிலர். காலமானார்."

ராமாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாழைத்தார் ஏலத்துல அவரு எதுக்குங்க சாகறாரு? பக்கத்துப் பத்திக்குத் தாவிட்டீங்க. கோட்டுக்கு இந்தப் பக்கமே எறங்கி வாங்க."

பேப்பரில் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள் என்று எனக்கு இன்றுதான் தெரியும். இத்தனை நாளும் செய்திகள் ஏன் இப்படி வினோதமாக இருக்கின்றன என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலக் காபிக்கு முன்பே விளக்கு சிவந்து அணைந்தது. அவள் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். காதிலிருந்து ஒயரை எடுத்து மடித்து வைத்தாள். பெட்டி சூடாக இருந்தது.

வான்மதியிடம் சொன்னேன். "தெரியும்ங்க மாமா" என்று பெருமூச்சு விட்டாள்.

ஜூன் 7, சனி

மறுபடியும் சிவப்பு. மறுபடியும் காபிக்கு முன்பே போயிற்று. செருப்பு வாங்கினேன்.

ஜூன் 9, திங்கள்

இன்று நீலப் பொட்டு. காலையில் ராமாத்தாள் நன்றாகத்தான் பேசினாள். டிவி பார்த்தாள், கீரைக்காரியிடம் விலை பேசினாள், எல்லாம் கேட்டது.

பத்து மணிக்கு ஜன்னல், ஃபேன், டிவி மூன்றையும் நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். நாலு சொல் போவதற்குள் அவள் கை இடுப்புக்குப் போயிற்று. சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள் போலிருக்கிறது. என் வாசிப்பைக் கூட்டி வைத்துக் கேட்க ஒரு ஆள்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முழுதாக ஒன்றரை மணி நேரம் படித்தேன்.

நடுவில், "பேப்பரைக் கொஞ்சம் கீழ எறக்கிப் புடிங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க ஆசைப்படுகிறாள் என்று நினைக்கிறேன். ஆனால் கீழே இறக்கினால் எனக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணாடி அப்படி.

ஜூன் 10, செவ்வாய்

நீலப் பொட்டு நேற்று நாள் முழுதும் தாங்கி, ராத்திரி நிறுத்தி வைத்த பிறகும் இன்று காலை இரண்டாம் காபி வரை ஓடியது! ஸ்கூட்டரில் ஏறப்போன வான்மதி ஹெல்மெட்டோடு உள்ளே ஓடி வந்து அத்தையைக் கட்டிப்பிடித்தாள். ஹெல்மெட் இடித்து ராமாத்தாள் நெற்றி சிவந்தது. அதுவும் ஒரு பொட்டு.

ஜூன் 11, புதன்

பெட்டிக்குச் சார்ஜ் போட்டு மறுபடியும் நீலம். இன்றும் கச்சேரி. மறுபடியும் பத்தி தாவிவிட்டேன். "திருமண. மண்டபத்தில். இரண்டு. யானைகள். புகுந்து. மொய்." படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். ராமாத்தாள் தலையை ஆட்டி, "நல்லதுங்க, நடக்கட்டும்" என்றாள்.

போன வாரமாயிருந்தால் சிரித்திருப்பாள். என் மனம் நோகக்கூடாது என்று விட்டுவிட்டாள் போலும். அப்படிப்பட்டவள்தான்.

சாப்பிடும்போது வான்மதி கேட்டாள். "அத்தை, ரெண்டுல எது நல்லாருக்குதுங்க?"

"எனக்குச் செவப்புதான் அம்மிணி."

"ஏனுங்? அது சாயங்காலமே போயிருதுங்களே!"

"சும்மா சொன்னேன். நெத்திக்கு செவப்புதான எடுப்பு. நீலமே போடு, நல்லாத்தான் இருக்குது."

வான்மதி சிரித்துவிட்டாள். ராமாத்தாள் அவள் தட்டில் இன்னொரு கரண்டி பொரியல் வைத்தாள்.

ஜூன் 13, வெள்ளி

வான்மதி கணினியில் ஏதோ கணக்குப் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். முகம் சரியில்லை.

"என்ன அம்மிணி? நீலந்தான் ஜெயிச்சிருச்சே."

"அதானுங்க மாமா தொந்தரவு. என் கணக்குப்படி இது தூங்கப்போற வரைக்குந்தான் ஓடோணும். மறுநாள் காபி வரைக்கும் எப்படி ஓடுது? கெட்ட சேதி வந்தா நம்பிரலாம். இவ்வளவு நல்ல சேதியை நம்பப் பயமா இருக்குது."

பிறகு என் பக்கம் குனிந்து, "அத்தை நடுவுல எப்பவாச்சும் பெட்டியை அமத்தி, நிறுத்தி வெக்கறாங்களா?" என்றாள்.

"ஒருக்காலும் இல்ல" என்றேன். "நான்தான் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாக்கறனே. நான் படிக்கையில சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வெச்சுக் கேக்கறா."

வான்மதி ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "கூட்டறாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். நீங்கள் சொன்னால் சரி என்று கணினியை மூடிவிட்டாள். என் சொல்லுக்கு இந்த வீட்டில் மதிப்பு இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று பேப்பர் படிக்கவில்லை. நானே ஒரு வரி எழுதி அதைப் படித்துக் காட்டினேன். சும்மா ஒரு விளையாட்டுக்குத்தான். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். கையகலத் தாள்தான்.

ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினேன். அவள் எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை இடுப்புக்குப் போய் வந்தது. நான் படித்தேன்.

"ராமாத்தாள். வைக்கும். ரசம். எனக்கு. எப்போதும். பிடிக்காது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வெண்டைக்காயைப் பார்த்தாள். "நல்லாப் படிச்சீங்க. நாளுக்கு நாள் தேறிட்டீங்க" என்றாள்.

பெட்டியில் விளக்கு எரியவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போகும்போது பொத்தானை அழுத்தினாள். விளக்கு பச்சையாக எரிந்தது.

ஜூன் 16, திங்கள்

இன்று காற்று அதிகம். எழுத ஒன்றும் இல்லை. முருங்கைக்காய் வாங்கி வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பேப்பரை மடித்தபடியே வைத்துவிட்டேன். ராமாத்தாள் இரண்டு முறை அதை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். "படிக்கலீங்களா?" என்றாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

ஞாயிறு முதல் வீட்டில் ரசம் இல்லை. மோர்தான். புளி தீர்ந்துவிட்டதோ என்று கால் கிலோ வாங்கி வந்து அடுக்களையில் வைத்தேன். அங்கே டப்பா நிறையப் புளி இருந்தது.

வகுப்பில் டீச்சர், "உரக்கப் படிங்க ஐயா, வீட்ல படிக்கற மாதிரி" என்றார். மற்றவர்களைப் படிக்கச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆர்டர் போட வேண்டும். பெட்டி கணக்குக்கு மேல் ஏன் ஓடியது என்று இப்போது எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் அது ஓடவே இல்லை. வான்மதியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். அதற்கு நான் என்ன சொல்வேன்? உன் மாமா படிப்பதைக் கேட்கச் சகிக்காமல் உன் அத்தை அமத்திவிடுகிறாள் என்றா?

இதை எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்று நினைத்தேன். கஷ்டப்பட்டு எழுதியது. இருக்கட்டும்.

ஜூன் 18, புதன்

காலையில் ராமாத்தாள் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்தாள். "தொண்டைக்கு நல்லது. குடிச்சுப்போட்டுப் படிங்க. நாளு ஓடமாட்டேங்குது" என்றாள்.

"எதுக்கு? அமத்தி வெச்சுட்டுக் கேக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் அப்படியே என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

"நீங்க படிக்கறதுக்காக இல்லீங்க. அந்த விசிலுக்கு."

"எந்த விசிலு?"

"நீலப் பொட்டுல இருக்குது. நீங்க ஒரு சொல்லு சொல்லி நிறுத்துவீங்கல்ல, அடுத்த சொல்லுக்கு? அந்த நடுவுல ஙீன்னு ஒரு விசில் வருது. நீங்க பேசுனா நின்னுரும். நிறுத்துனா வந்துரும். ஃபேன் ஓடுனா இல்ல, டிவி ஓடுனா இல்ல. நீங்க எல்லாத்தையும் அமத்திப்போட்டுத்தான படிக்கறீங்க? பல்லு கூசற மாதிரி இருக்குதுங்க."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? நிறுத்தி நிறுத்திப் படிக்கறதால விசில் வருதுன்னா, நீங்க வேகமாப் படிக்கோணும்னு பாதி எழுத்த முழுங்கிப்போடுவீங்க. இப்பத்தான் ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுத் தொட்டு வாரீங்க. அதைக் கெடுக்கறதா? அந்தப் புள்ளைகிட்டச் சொல்லலாம்னா, ரெண்டு வருசமா இதே நெனப்பா அலைஞ்சுட்டிருக்குது. காபி வரைக்கும் ஓடுச்சுன்னு வந்து கட்டிப்புடிச்சுது. அப்புறம் எப்படிங்க வாய் வரும்?"

எனக்கு மூன்று நாளாக நெஞ்சில் இருந்த கல் நகர்ந்தது. ஆனாலும் ஒன்று மிச்சம் இருந்தது.

"அப்ப ஞாயித்துக்கெழமை நான் படிச்சது கேக்கவே இல்லியா?"

"கேக்கல" என்றாள். "பாத்தேன்."

"பாத்தியா?"

"மில்லுல இருபது வருசம் வாயைப் பாத்தே பேசுனவ நானு. பேப்பரு மறைச்சா ஒண்ணும் தெரியறதில்ல. அதுக்குத்தான் கீழ எறக்கிப் புடிங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். கையகலத் தாளு மறைக்குமாக்கும்?" டம்ளரை என் கையில் வைத்தாள். "புடிக்காதவங்களுக்கு எதுக்கு ரசம்னுதான் வெக்கறதில்ல."

இந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ரசம் பிடிக்கும் என்று மூன்று முறை சொன்னேன். "எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு அவளே, "வான்மதிகிட்டச் சொல்லாதீங்க. என்ர ஒருத்தி காதுக்காக நாளன்னைக்கு ஆர்டரு நிக்கோணுமா? நான் பொறுத்துக்கறேன்" என்றாள்.

"ஐந்நூறு காது ராமாத்தா. ஐந்நூறும் மில்லுக் காது. அதுல எத்தனை பேரு வீட்ல அமைதியா உக்காந்திருக்காங்களோ. விசில் வந்தா உன்னைய மாதிரித்தான் அமத்திப்போட்டுச் சும்மா இருப்பாங்க. ஒருத்தரும் சொல்லமாட்டாங்க."

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். மாலை ரசம் இருந்தது. மிளகு கொஞ்சம் தூக்கல். வேண்டுமென்றே போட்டிருப்பாள்.

ஜூன் 19, வியாழன்

வான்மதி வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டோம். முதலில் நான் ஆரம்பித்தேன், பிறகு ராமாத்தாள் பறித்துக்கொண்டாள். வான்மதி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"லேப்ல நாங்க எத்தனையோ தடவை கேட்டுப் பாத்தோமே. விசிலே வரலியே" என்றாள். பிறகு ஒயரை எடுத்துத் தன் காதில் வைத்தாள். "படிங்க மாமா."

ஜன்னலைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். எதைப் படிப்பது என்று தெரியாமல் ராமாத்தாள் முந்தானையில் இருந்த சீட்டையே வாங்கினேன்.

"எனக்கு. ரசம். மிகவும்."

அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை. வான்மதி கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்கினாள். நான் நிறுத்தினேன். அவளும் அசையவில்லை.

"வருதுங்க" என்றாள். "அத்தை, நல்லாவே வருதுங்க."

பிறகு எங்களுக்கு விளக்கினாள். நீலப் பொட்டு தேவை குறைந்தால் வால்வு திறப்பதையும் குறைத்துக்கொள்ளும் என்று சொன்னாளே, அதில்தான் வினை. சத்தம் இருக்கும்போது லட்சக்கணக்கில் திறந்து மூடுவதால் அது எந்தக் காதுக்கும் எட்டாது. வீடு அமைதியாகிவிட்டால் பெட்டிக்கு வேலை இல்லை, வால்வு மெதுவாகிறது. மெதுவாகி மெதுவாகி, மனுஷக் காது கேட்கும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதுதான் விசில்.

"லேப்ல எப்பவும் ஏசி ஓடிட்டிருக்கும். பேச்சு பதிஞ்சு வெச்சிருக்கறதும் கடகடன்னு படிக்கற பேச்சு. உங்கள மாதிரி நிறுத்திப் படிக்க அங்க யாரும் இல்லீங்க மாமா."

"அவ்வளவு மெதுவாவா படிக்கறேன் அம்மிணி?"

"மெதுவாத்தானுங்க. நல்லவேளைங்க."

ராமாத்தாள் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "சட்னியில உப்பு இல்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றீங்கல்ல அத்தை? இத மட்டும் ஏனுங் சொல்லல?"

"சட்னின்னா நாளைக்கு வேற அரைச்சுக்கலாம் அம்மிணி. இத எப்படி அரைக்கறது?"

வான்மதி அழுதுகொண்டே சிரித்தாள். மூன்றாவதாக ஒரு ஐசி இருக்கிறதாம். நீலம் போலத்தான், ஆனால் எவ்வளவு அமைதி ஆனாலும் காதுக்கு எட்டும் அளவுக்குக் கீழே இறங்கவே இறங்காது. சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் பேட்டரி குடிக்கும் என்று அவளே அதை முதலிலேயே தள்ளிவிட்டாளாம். "கொஞ்சம் குடிச்சுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெரு முனையில் நின்று சரி செய்தாள்.

அவள் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நாளைக்கு ஆர்டர். முதலாளி என்ன சொல்வாரோ.

ஜூன் 20, வெள்ளி

முதலாளி கத்தினாராம். வான்மதி அவர் காதில் ஒயரை மாட்டிவிட்டு, ஏசியை நிறுத்தச் சொல்லி, நான் படிப்பதைப் போலவே நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டியிருக்கிறாள். மூன்றாவது சொல்லில் அவரே ஒயரைப் பிடுங்கிவிட்டாராம். புதன்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் புதியது நாள் முழுதும் தாங்கவில்லை என்றால் சிவப்புப் பொட்டுதான் என்று சொல்லிவிட்டார். சிவப்பென்றால் ஐந்நூறு பேருக்கும் சாயங்காலம் இல்லை.

"எப்படிப் படிச்ச அம்மிணி? செஞ்சு காட்டு" என்றேன். செய்து காட்டினாள். நான் அப்படித்தான் இருக்கிறேனா என்று ராமாத்தாளைக் கேட்டேன். அவள் உடனே பெட்டியை அமத்தினாள்.

ஜூன் 23, திங்கள்

கூரியரில் கடுகு வந்தது. வான்மதி கம்பெனியிலேயே பற்றவைத்துக் கொண்டு வந்தாள். பச்சைப் பொட்டு ஒட்டியாயிற்று. நாளைக்குச் சோதனை.

ஜூன் 24, செவ்வாய்

வான்மதி இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். பெட்டியைப் போட்டதும் ராமாத்தாளிடம் கையை நீட்டி, "அத்தை, அமத்தினீங்கன்னா பொரியல் கெடையாது, பாத்துக்கங்க" என்றாள்.

பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். டிவியை நிறுத்தினேன். இன்று பேப்பரை நாலாக மடித்து மோவாய்க்குக் கீழே பிடித்தேன். ராமாத்தாள் கொடுத்த அவளுடைய பழைய கண்ணாடியும் உதவியது. அவள் கண்ணாடி எனக்கு இந்தத் தூரத்துக்குச் சரியாக இருக்கிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை.

எப்போதும் போலத்தான் படித்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கமே இறங்கி வந்தேன். வேகப்படுத்தவில்லை. "மேற்குத். தொடர்ச்சி. மலையில்." ஒரு பெரிய சொல் வந்தது. நின்றுவிட்டேன். அதன் தலை எது, வால் எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வான்மதி நகத்தைக் கடித்துக்கொண்டு அத்தையின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமாத்தாள் கை மடியிலேயே இருந்தது.

"என்னுங் அத்தை? வருதா?"

ராமாத்தாள் என்னைப் பார்த்து, "நீங்க நிறுத்துற எடங்கூட இப்பக் கேக்குதுங்க" என்றாள்.

"அங்கதான் ஒண்ணுமே இல்லியே."

"அதத்தான் சொல்றேன்."

வான்மதி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் அந்தப் பெரிய சொல்லைப் படித்து முடித்தேன். நீர்ப்பிடிப்புப் பகுதி. இதற்கு முன் இவ்வளவு நீளமான சொல்லை நான் ஏறிக் கடந்ததில்லை.

மதியம் போனது, காபி போனது, விளக்கு பச்சையாகவே இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து அவள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் சிவந்தது. மறுநாள் காபி வரை ஓடவில்லை. வான்மதி போட்ட கணக்கு அதுதான். "இந்தச் சேதியை நம்பலாமுங்க மாமா" என்று சொல்லிவிட்டு முதலாளிக்குப் போன் போட்டாள். நாளை காலை பச்சைப் பொட்டுக்கு ஆர்டர்.

இதை எழுதும்போது ராமாத்தாள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பெட்டி சார்ஜில் இருக்கிறது, காது சும்மா இருக்கிறது. நான் எழுதுவதை வாயசைத்துக்கொண்டே எழுதுகிறேன் என்று இப்போதுதான் சொன்னாள். போன புதன்கிழமை முதல் நான் எழுதியதையெல்லாம் என் வாயைப் பார்த்தே படித்துவிட்டாளாம். அன்றைய ரசத்தில் மிளகு வேண்டுமென்றே போட்டது இல்லையாம்.

கை சோர்ந்துவிட்டது. டீச்சர் ஒரு கதைப் புத்தகம் கொடுத்திருக்கிறார், அதில் பத்தி பிரிக்கும் கோடே இல்லை. முதல் பக்கத்தை நாளைக்கு ராமாத்தாளுக்குப் படிக்கப் போகிறேன். என் வேகத்துக்கு அது ஒரு வாரம் பிடிக்கும். அந்தக் கதையில் யாருக்கு என்ன ஆயிற்று என்று அடுத்த செவ்வாய் இதே பக்கத்துக்குக் கீழே எழுதுகிறேன். அப்போது வாயை மூடிக்கொண்டு எழுதுவேன்.